பீலிக்கரையில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரு செய்தியைச் சொன்னால், செய்தியை விட்டுவிட்டு அதைச் சொன்னவரைத் தேடி ஓடுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஐம்பதுகளில், அட்டன் பக்கம் ஒரு தபால் கந்தோரில் தந்தி கிளாக்கராக இருந்தபோது அவரை நான் தினமும் சகித்துக்கொண்டேன். கொழும்புப் பத்திரிகை ஒன்றின் நிருபர். "மழை வரும்போல இருக்கு" என்றால்கூட, "யாரு சொன்னா?" என்று நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். எங்களுக்கு அவர் 'யாருசொன்னா சார்'.

இந்த வியாதி பிறவியில் வந்ததல்ல. என் மனைவி ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்ததால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே நாங்கள் குடியிருந்தோம். அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு அம்மை குத்த டாக்டர் வருகிறார் என்று சார் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. டாக்டர் ஈயோட்டிவிட்டுப் போய்விட்டார். சார் நேரே லயத்துக்கு வந்து சண்டை பிடித்தார்.

கொழுந்து பறிக்கும் மருதாயி நிதானமாகச் சொன்னாள். "பேப்பர் வந்துச்சுங்க. கருவாடு சுத்தி, நாலு நாள் கழிச்சு."

சார் முகம் செத்துப்போயிற்று. "இவங்களுக்கு வந்து சேரலைன்னா நான் எதுக்கய்யா எழுதணும்?" என்று என்னிடம் கேட்டார். பாவமாக இருந்தது.

அன்றிலிருந்து எழுதுவதைக் குறைத்து, இவர்களுக்குச் செய்தி எப்படி வந்து சேருகிறது என்று லயம் லயமாக விசாரிக்கத் தொடங்கினார். யாரைக் கேட்டாலும் செய்தி கடைசியில் பீலியில் போய் நின்றது. மலைத்தண்ணீர் கொட்டும் அந்த இடத்தில்தான் பெண்கள் குளிப்பதும், துவைப்பதும், ஊர்க்கதையை அலசுவதும். சாயங்காலத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். சார் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றார். தயாராகக் காத்திருந்த மருதாயி ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். மை கரைந்து சட்டையெல்லாம் ஓட, சார் கேட்டாராம்: "நான் வர்றேன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

அடுத்த முறை டாக்டர் வருவதைப் பத்திரிகைக்கு அனுப்பவே இல்லை. மருதாயியிடம் மட்டும் சொன்னார். மறுநாள் காலை வரிசை தேயிலை ஸ்டோர் வரை நீண்டது. ஊசிக்கு அலறும் பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றவர் சார் ஒருவர்தான்.

எல்லாவற்றையும் ஆராய்ச்சியாக எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒன்றரை வருடம் என் கவுண்டரில் தவம் கிடந்தார். ஒருநாள் காலை தந்தி வந்தது. செய்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராயவும் படிப்பிக்கவும் அவருக்கு வேலை. நோட்டன் பிரிட்ஜுக்குப் போயிருந்த சார் சாயங்காலம்தான் அதை வாங்கினார். வாங்கியவர் லயத்துக்கு ஓடினார். அங்கே மருதாயி மாலையோடு நின்றாள்.

"தெரியுங்க சார். நல்லபடியா போயிட்டு வாங்க."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கை நோட்டுப் புத்தகத்தைத் தேடியது. "யாரு சொன்னா?"

"சொல்லமாட்டோம். அப்பப்ப வந்து கேட்டுக்கிட்டே இருங்க."

பெரிய விரிவுரையாளரான பிறகும் லீவுக்கு லீவு வந்து கேட்டார். தந்தி வந்த அன்று மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போன இடத்தில் என் மனைவியிடம் உளறியவன் நான்தான். தந்தி கிளாக்கர் செய்யக்கூடாத குற்றம் அது. வேலை போய்விடும் என்று பயந்து நான் சாரிடம் வாயை மூடிக்கொண்டதாக மருதாயி கேலி செய்வாள். எனக்கு வேறு பயம். சொல்லிவிட்டால் சார் வருவது நின்றுவிடுமே.