சம்பவநாதன் ஏன் ஓடுகிறார்?

சம்பவநாதன் மூச்சிரைக்க வாசற்படி ஏறவும், சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் விழுந்து தொலையவும் சரியாக இருந்தது. இலையில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்த பத்மினி இலையை மூடினாள்.

"போச்சா?" என்றார் சம்பவநாதன்.

"போச்சு. நேத்தும் போச்சு, இன்னிக்கும் போச்சு."

சமண வீடு. பொழுது சாய்ந்துவிட்டால் சோறு கிடையாது. தலைகீழாக நின்றாலும் மறுநாள் விடிந்த பிறகுதான். மார்கழி மாதத்துச் சூரியனோ, யாரோ துரத்துகிற மாதிரி சீக்கிரமே மலை இறங்கிவிடுகிறது. புருஷன் சாப்பிடாமல் பத்மினி சாப்பிடமாட்டாள். அவள் சாப்பிடாவிட்டால் கைக்குழந்தைக்குப் பால் இருக்காது. ஆக, சம்பவநாதன் ஒருவர் ஓடினால் வீட்டில் மூன்று வயிறு காய்ந்தது. குழந்தை வீல் என்று கத்தியது. உள்ளறையில் படுத்திருந்த அவருடைய அப்பா விழித்துக்கொண்டார்.

"யார்ரா அழுவுறது? நான் போயிட்டனா?"

"இல்ல நைனா. இருக்கீங்க."

"அப்படியா?" என்றார் பெரியவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற ஒரு குமாஸ்தா எதற்காக ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். ஆசைக்கு ஓடவில்லை ஐயா. கெடிலம் எண்ணெய் மில் என்று கடலூரில் ஒரு பெரிய கம்பெனி. அதன் செஞ்சிக் கிடங்கில் சம்பவநாதன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சிதம்பரம் கிளைக்கு மாற்றி ஆர்டர் வந்துவிட்டது. பெரியவருக்கோ ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து கிடக்கிறது. "இவர பஸ்ல ஏத்துனா விழுப்புரம் தாண்டமாட்டாரு" என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். அப்பாவை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. சம்பவநாதன் மேனேஜர் இளையபெருமாளின் மேசைக்கு முன்னால் நின்று அழாத குறையாகக் கெஞ்சினார்.

இளையபெருமாள் யோசித்தார். அவருக்கும் ஒரு குறை இருந்தது. தை மாதம் மில் ஆண்டு விழாவில் எல்லாக் கிளைகளுக்கும் அஞ்சு மைல் ஓட்டப் பந்தயம் உண்டு. முதலாளிக்கு ஓட்டம் என்றால் உயிர். அந்த வெள்ளிக் கப்பு செஞ்சிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"கப்பக் கொண்டாந்து இந்த மேசைமேல வையி. ஆர்டர நான் நிறுத்தறேன்."

"நானா சார்? எனக்கு ஓடவே வராதே சார்."

"பின்ன யாரு? எடை போடுற தனகோட்டிக்கு குடல் இறக்கம். வாட்ச்மேனுக்கு ஒரு கண்ணு. நான் ஓடட்டுமா?"

புறப்பட்ட பஸ்ஸைக்கூடத் துரத்தாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மனுஷர் சம்பவநாதன். அன்றைக்கு ஓட ஆரம்பித்தார்.

சாயங்கால ஓட்டத்தின் கதியைத்தான் பார்த்தோம். "ஏங்க, சாப்ட்டுட்டு ஓடுங்களேன்" என்று பத்மினி வழி சொன்னாள். நியாயம்தானே? மறுநாள் கிடங்கு மூடியதும் நேரே வீட்டுக்கு வந்து, சூரியனைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாம்பார் சாதம் கோட்டை வாசல் வரைக்கும் கூட வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்று வெளியே வந்துவிட்டது. பிறகு பசித்தது. பசித்து என்ன பண்ண? இருட்டிவிட்டது.

"காலைல ஓடறேன்" என்றார், ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு.

காலையில் அவருக்கு ஓய்வா இருந்தது? கிணற்றில் தண்ணீர் இறைத்து வடிகட்டி வைக்க வேண்டும். நைனாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்ட வேண்டும். மூத்தவள் சந்தனாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். அதனால் கோழி கூவும்போதே எழுந்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், திருவண்ணாமலை ரோட்டில் ஓடினார்.

இட்லிக் கடை லட்சுமியம்மாள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிற வீட்டுப் பிள்ளை, சட்டைகூட இல்லாமல், விடிந்தும் விடியாமலும் தலைதெறிக்க ஓடுகிறான் என்றால் அவள் என்னதான் நினைப்பாள்?

"சாமி, நைனா எப்படி இருக்காரு?" என்று கத்தினாள்.

சம்பவநாதனுக்கு மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்பதுபோல் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார்.

மேலே போய்விட்டார் என்று லட்சுமியம்மாள் புரிந்துகொண்டாள். அடுப்பை அப்படியே போட்டுவிட்டுத் தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். பச்சை மூங்கில் வந்து இறங்கியிருந்தது. எதிர்வீட்டு ஜவுளிக்கடை ஹுசைன் பாய், பாவம், புதுத் துணி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு கண் கலங்கி நின்றார். பத்மினி பிள்ளைகளோடு துணி துவைக்கக் குளத்துக்குப் போயிருந்தாள்; சாகவில்லை என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. பெண்கள் உள்ளே போய் நைனாவைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்தில் பெரியவர் கண்ணைத் திறந்தார். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

பெரியவர் சாவகாசமாகக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "பெரிய தெரு விநாயகம் வரலியா?"

"இல்ல நைனா" என்றார் சம்பவநாதன், வேர்வை சொட்டச் சொட்ட.

"அவன் அப்பனுக்கு நான் தோள் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்கக் கஞ்சி குடிக்கவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அந்த மூங்கிலத் திருப்பி அனுப்பாத. பரண்மேல போட்டு வையி."

சம்பவநாதனுக்கு அழுகை வந்தது. பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஹுசைன் பாய்தான் ஆறுதல் சொன்னார். "சார், வெறுங்கையோட ஓடுனா ஊரு சாவுன்னுதான் நெனைக்கும். கையில மில்லு பைய எடுத்துக்குங்க. ஆபீஸ் வேலையா ஓடுறாருன்னு உட்டுடுவாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நல்ல யோசனைகள்தான் சம்பவநாதனை இதுவரைக்கும் கொண்டுவந்து விட்டிருந்தன என்பதை அவர் மறந்துபோனார். மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சாம்பிள் எடுக்கிற மில் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். எதிரே கிடங்குக்கு வரிசையாக மல்லாட்டை வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

முதல் வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். "யோவ், மில்லு குமாஸ்தா பையோட ஓடுறான்யா!"

"இன்னாவாம்?"

"இன்னாவா? வெல ஏறப்போவுது. நம்மகிட்ட சொல்லாம ஊரு ஊரா போயி பழைய வெலைக்கு மடக்கப் பாக்குறானுங்க. திருப்பு வண்டிய!"

அன்றைக்குக் கிடங்குக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை. மேல்மலையனூர் ரோட்டிலும் வண்டிகள் திரும்பிவிட்டனவாம். தராசு சும்மா தொங்கியது. தனகோட்டி அதன் தட்டிலேயே உட்கார்ந்து தூங்கினான்.

இளையபெருமாள் மேசையில் குத்தின குத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. "இன்னாய்யா பண்ணி வச்சிருக்க? ஹெட் ஆபீசுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? ஒழுங்கா கப்போட வா. வரல, அடுத்த பஸ்ஸுல சிதம்பரம். நைனா, தாத்தான்னு எந்தக் கதையும் எங்கிட்ட வேணாம்."

அதன்பிறகு சம்பவநாதன் ஓடிப் பழகவே இல்லை. எங்கே ஓட? எப்போது ஓட? பந்தயத்தன்று புறப்படும்போது நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"எங்கடா போற?"

"கடலூருக்கு நைனா. ஓட."

"யாரு செத்துட்டாங்க?" என்றார் பெரியவர்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் மற்றக் கிளைக்காரர்களைப் பார்த்ததுமே சம்பவநாதன் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவனும் உரல் மாதிரி இருந்தான். திண்டிவனம் கிளை ராஜாராமுக்குத் தொடை மட்டுமே இவர் இடுப்பு அளவு இருந்தது. விசில் ஊதியதும் எல்லோரும் காற்றாகப் பறந்தார்கள். சம்பவநாதன் கடைசியில், தன்னந்தனியாக, நைனாவை நினைத்துக்கொண்டு ஓடினார்.

தேவனாம்பட்டினம் கடற்கரையைத் தொட்டுத் திரும்பும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. விழுப்புரத்துக்காரன் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சிதம்பரத்துக்காரன் முள் குத்திவிட்டதென்று உட்கார்ந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நடக்க ஆரம்பித்தார்கள். மைதானம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ராஜாராம் மட்டும்தான் முன்னால் இருந்தான்; அவனும் தளர்ந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சம்பவநாதன் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தார். கயிறு அவர் நெஞ்சில்தான் அறுந்தது.

முதலாளி ஓடிவந்து கட்டிப்பிடித்தார், மாலை போட்டார், கப்பைக் கொடுத்தார். சம்பவநாதன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். இனி யாரும் அசைக்க முடியாது. நைனா அவருடைய கட்டிலிலேயே, அவருடைய வீட்டிலேயே, பிள்ளை பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடலாம்.

ராஜாராம் ஒரு கோலி சோடாவோடு வந்து பக்கத்தில் குந்தினான். அவனுக்கு ஒரு துளி வேர்வை இல்லை.

"புதுசா சார்?"

"ஆமா. செஞ்சிலேருந்து மொத மொதல்ல நான்தான்."

"அதான் பாத்தேன்" என்று சோடாவை நீட்டினான். "குடும்பம் செஞ்சியிலயா சார்?"

"ஆமா தம்பி. அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. அவர உட்டுட்டு வெளியூரு போவக்கூடாதுன்னுதான் இந்த ஓட்டமே."

ராஜாராம் பாவமாக அவரையும், மடியிலிருந்த கப்பையும் பார்த்தான்.

"கப்பு உங்க மேனேஜருக்கு சார், ஆளு முதலாளிக்கு. ஜெயிச்சவர அவரு உடவே மாட்டாரு. நாளையிலேருந்து இங்க கடலூர் ஹெட் ஆபீஸ்லயே வேல, காலைல அவரோட பீச்சுல ஓடணும். எங்கம்மாவும் படுக்கையிலதான் கெடக்குது. அதான் சார், ரெண்டாவதா வர்றதுக்குன்னே நான் வருஷம் பூரா ஓடிப் பழகறேன்."