ஆறு நட்சத்திரமும் ஆறு பொரியும்

சங்கரன்கோவில்
9-11-1953

விஞ்ஞான மாதப் பத்திரிகை ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

வணக்கம். இங்கு அப்பா, அம்மா, நான், நட்சத்திரங்கள் யாவரும் சௌக்கியம். தாங்களும் தங்கள் மூக்குக்கண்ணாடியும் சௌக்கியம் என நம்புகிறேன்.

நான் எடுத்தனுப்பிய கார்த்திகை நட்சத்திரப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். போகட்டும். ஓரத்தில் சிவப்பு மசியால், “இவை நட்சத்திரங்களா, ஆயுதபூஜைப் பொரியா?” என்று எழுதியது எதற்கு? அதை என் அப்பா, நூல் கடை செல்லப்பா, படித்துவிட்டார். “ஏலே காசி, திருக்கார்த்திகைக்குள்ள ‘படம் போடுதோம்’னு அவங்ககிட்ட இருந்து காயிதம் வரலேன்னா, அந்தக் கேமராப் பெட்டியப் பரண்ல போட்டுட்டு கடையில வந்து உக்காரு” என்கிறார். இன்னும் பதினொரு நாள்தான்.

ஆகவே தங்களுக்குக் கொஞ்சம் ஒளியியல் சொல்லவேண்டியிருக்கிறது. பூமி சுற்றுகிறது என்பது தெரிந்திருக்கும். கேமராவைச் சும்மா வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக விழும். அதனால் கீல் வைத்த இரண்டு பலகையில் கேமராவைக் கட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் திருகாணியைத் திருகுகிறேன். பூமி ஒரு பக்கம் சுற்ற, நான் மறுபக்கம். கை நடுங்கக் கூடாது, தும்மக் கூடாது. நான் தும்மமாட்டேன், ஆனால் பக்கத்து வீட்டு வீரபாண்டி அண்ணாச்சி தறி அடிக்கிற அடியில் நான் படம் எடுக்கிற எங்கள் மச்சு மாடியே ஆடுகிறது. “பத்தே நிமிஷம் நிறுத்துங்க அண்ணாச்சி” என்றால், “ஏன்வே, நீரு வானத்து வெள்ளி பிடிக்கதுக்கு நான் சேலைய நிறுத்தணுமோ? பூமியவே நிறுத்திட்டீரு, என் தறி என்னவே செய்யும்!” என்கிறார். அது போக, கீழே ரசூல் பாய் கடை அடுப்பு. சூடான காற்று எழும்பி எழும்பி வெளிச்சம் நெளிந்து நெளிந்து வருகிறது, புள்ளி எங்கே புள்ளியாக நிற்கும்? நின்றாலும் இந்த வேகமான பிலிம் இருக்கிறதே, அதில் படம் பதிகிற மணியெல்லாம் ரவை ரவையாகப் பருத்துத் தெரியும். பிரகாசமான நட்சத்திரமென்றால் ஒளி பிலிமுக்குள்ளேயே கசிந்து ஊதிப்போகும். லென்ஸ் மட்டும் சுத்தம். இருட்டில் தவிர நான் மூடியைத் திறப்பதே கிடையாது. இத்தனைக்கும் நடுவில் பொரியாக வந்ததே என் சாமர்த்தியம், பூசணிக்காயாக வந்திருக்க வேண்டியது!

உடனே ‘போடுகிறோம்’ என்று எழுதவும். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. சிவப்பு மசி வைத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை.

இங்ஙனம்,
செ. காசிராஜன், எல்.எம்.இ.

பின்குறிப்பு (11-11-53): லென்ஸ் செய்த கம்பெனியின் பெயரையும் எழுதலாமென்று நேற்றுப் பகலில் மூடியைத் திறந்தேன். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுதபூஜையன்று தராசுக்கு வைத்த கையோடு அப்பா இதற்கும் வைத்து மூடியிருக்கிறார். கேட்டால், “அதுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு எனக்கென்னலே தெரியும்? கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது” என்கிறார்.

துடைத்துவிட்டு, தறியும் அடுப்பும் ஓட ஓட, நேற்றிரவே மறுபடி எடுத்தேன். ஆறும் ஊசிமுனை. மேலே எழுதிய காரணங்கள் யாவும் விஞ்ஞான உண்மைகள். என் படத்துக்கு மட்டும் சம்பந்தமில்லை. புதுப் படம் இத்துடன். தபாலில் சேர்க்க அப்பாவே எடுத்துப் போகிறார். உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் விடமாட்டார். அது படத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சிவப்பு மசியைத் திறக்கவும்.