பஞ்சு பாயும் நான் கூப்பிடாத பெயரும்

பகல் ஒன்று இருபதுக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தை நான் காலை பதினோரு மணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. என் மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன். பன்னிரண்டரைக்கே நல்லபடியாக முடிந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒன்று இருபதுக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "பையனோட அம்மா மட்டும் உள்ள வாங்க. இன்னும் முழிக்கல. நாங்க கூப்பிட்டுப் பாத்தாச்சு. பழகுன குரல்ல நீங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார்.

எனக்கு வயது நாற்பத்தாறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரை மூச்சு விடாமல் வாசிக்கிறவள். ஆனால் நான் பெற்ற பிள்ளையின் பெயரைப் பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

இது எப்படி என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் முதலில் பஞ்சு பாயைத் தெரிய வேண்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் கடந்த முப்பது வருடத்தில் பிறந்த ஒரு குழந்தைகூடப் பஞ்சு பாயிடமிருந்து தப்பியதில்லை. அவர் ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றின் பஞ்சையும் கட்டுத்துணியையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். மொபெட்டில் முன்னாலும் பின்னாலும் மூட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை மூட்டை ஒன்று தானாக வண்டி ஓட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். சரக்கை ஸ்டோரில் இறக்கிய கையோடு பிரசவ வார்டு வாசலுக்குப் போய் நிற்பார். ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார். எத்தனை கிலோ என்று கேட்க மாட்டார். "பேரு என்ன? அர்த்தம் என்ன?" அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் பெயர் என்று வந்துவிட்டால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்பார், சர்ச் ஃபாதரிடம் கேட்பார், கோயில் வாசலில் பட்டரை நிறுத்திக் கேட்பார். கேட்டதை மறக்கவே மாட்டார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பையன் ஒருவன், கூடப் படிக்கும் பெண்ணோடு ஸ்டைலாகப் பேசிக்கொண்டிருந்தான். பஞ்சு பாய் நேராகப் போய், "ஏலே, நீ ஹாரிஸ்தான? ஹாரிஸ்னா காவல்காரன்லே. நீ பொறந்த அன்னைக்கு உங்கம்மாவுக்கு ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாக. நீ நீலமா இருந்த" என்றார். காவல்காரன் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அது அவன் ஊர் பஸ்கூட இல்லை.

மம்சாபுரத்துக்காரர் ஒருவர் தன் பிள்ளைக்கு எண் ஜோதிடப்படி, வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்துவிட்டார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் பாய். "அர்த்தமெல்லாம் இல்ல பாய், ஸ்டைலா இருக்குல்ல?" பாய்க்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு மம்சாபுரத்துக்கே போய், "கவலப்படாதீங்க. 'கூட இருக்கவங்களச் சிரிக்க வைக்கிறவன்'னு வச்சுக்கோங்க. பிள்ள வளந்து கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று சொந்தச் செலவில் ஓர் அர்த்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

என் மகன் பிறந்த மறுநாள் எங்கள் அறை வாசலுக்கும் மூட்டை வந்து நின்றது.

"பேரு என்ன டீச்சரம்மா?"

"எங்க மாமனார் பேரு."

"அதான், என்ன பேரு?"

நான் கணவரைக் கையால் காட்டினேன். மாமனார் பெயரை மருமகள் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யஹ்யா" என்றார்.

பஞ்சு பாய் மூட்டையைக் கீழே வைத்தார். வைத்தால் பேச்சு நீளும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

"யஹ்யாவா! என்ன பேர வச்சிருக்கீகன்னு தெரியுமா? ஜக்கரியா நபிக்கு வயசாகிப் போச்சு. தலையெல்லாம் நரச்சு, எலும்பு தளந்து, ஒரு பிள்ள இல்லையேன்னு துஆ கேக்காக. 'பிள்ள உண்டு, பேரு யஹ்யா'ன்னு பேரையும் சேத்தே சேதி வருது. அதுக்கு முன்னால அந்தப் பேரு ஒருத்தருக்கும் கெடையாது. ஆண்டவனே வச்ச பேரும்மா! அர்த்தம் என்ன? வாழுதான்! உயிரோட இருக்கான்!"

"மெதுவாப் பேசுங்க பாய், பிள்ள தூங்குது" என்றார் என் கணவர்.

"கேக்கட்டும்ங்க. அவன் பேருதான? இதே ஆளத்தான் கிறிஸ்தவங்க யோவான்ங்காக. எபிரேயத்துல யோகனான். 'ஆண்டவன் அருள் செஞ்சான்'னு அர்த்தம். அதான் நம்மூர்ல அருளப்பன். வெள்ளக்காரன் ஜான்ங்கான்."

"அப்ப எந்த அர்த்தம் சரி? வாழுதானா, அருளா?" என்று கணக்கு டீச்சர் புத்தியில் கேட்டுவிட்டேன்.

"ஹஜ்ரத் ஒண்ணு சொல்லுதாரு, ஃபாதர் ஒண்ணு சொல்லுதாரு. ரெண்டும் நல்ல சேதிதான? ஒண்ண எதுக்கும்மா விடணும்?"

அடுத்து, அந்தப் பெயர் எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். முஹம்மது என்ற பெயரை அவர் எண்ணுவதே இல்லை. அது மழைத்துளியை எண்ணுவது மாதிரியாம். அயான், ரய்யான் எல்லாம் இப்போது வந்த அலை. "ஒரு தெருவுல அயானுன்னு கூப்பிட்டேன், அஞ்சு வாசல் தொறந்துச்சு." ஆனால் யஹ்யா? ராஜபாளையத்தில் இரண்டு, வ. புதுப்பட்டியில் ஒன்று, என் மகன் நான்காவது. "மொராக்கோவுல, இந்தோனேசியாவுலயெல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கானாம். உலகத்துல சாதாரணம், நம்ம ஊர்ல அபூர்வம். எம்புட்டு வசதி பாருங்க!"

தையல் வலியையும் மறந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு பெருமையான பெயரை வைத்துவிட்டு நாங்கள் செய்த காரியம், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடாததுதான். என்னால் முடியாது. என் கணவருக்கோ தன் அத்தாவின் பெயரைச் சொல்லி "ஏலே, இங்க வா" என்று அழைக்க நாக்கு வரவில்லை. அதனால் குழந்தைக்குப் "பெரியவர்" என்று பெயராகிவிட்டது. "பெரியவர் பால் குடிச்சாச்சா?" "பெரியவர் பாயிலேயே ஒண்ணுக்குப் போயிட்டார்." பள்ளிக்கூடத்தில் அவன் யஹ்யா, வீட்டில் பெரியவர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனபோது, "பையன் பேரு?" என்று கேட்ட எழுத்தரிடம் தாளில் எழுதி நீட்டினேன். எனக்கு வாய் பேச வராது என்று நினைத்த அந்த நல்ல மனிதர், "செவ்வாய்க்கிழமை வாங்க" என்பதைப் பத்து நிமிடம் கையாலேயே ஜாடை காட்டி விளக்கினார். இடையில் பேசினால் அவர் மனம் புண்படுமே என்று நானும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இது பஞ்சு பாய்க்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. தெருவில் விளையாடிய என் மகனிடம், "ஒம் பேரு என்னலே?" என்று கேட்டிருக்கிறார். "பெரியவர்" என்றிருக்கிறான். நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, பல்பு வாங்கி மாட்டிட்டு சுவிட்ச் போடாம இருட்டுல உக்காந்திருப்பீகளா?"

"மாமனார் பேரு பாய். மரியாத இல்லையா?"

"மரியாதன்னா பேரப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுததா? அவிய பேரு புழங்கணும்னுதான பேரனுக்கு வச்சது?"

நான் டீ கொடுத்தேன். குடித்தார். ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்தது சுன்னத் விருந்து. பஞ்சு பாய் தனியாக வரவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அருளப்பன், ஏசி மெக்கானிக் ஜான், இருவரையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "இவுக ரெண்டு பேரும் பிள்ளையோட பேர்க்காரக. பேர்க்காரன் வீட்டு விசேசத்துக்கு வராம இருக்கலாமா?"

"சொந்தக்காரனுக்கே பிரியாணி பத்துமான்னு தெரியல, இதுல பேர்க்காரன் வேறயா!" என்று என் கணவர் சமையல்கட்டில் முனகினார். அருளப்பன் அண்ணன் கூச்சத்தோடு பால்கோவா பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "எம் பேரும் ஒங்க பிள்ள பேரும் ஒண்ணுன்னு எனக்கே காலையிலதாம்மா தெரியும். மன்னிச்சுக்கோங்க" என்றார். நல்ல மனிதர்கள். இன்றைக்கும் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து பிரியாணி போகிறது, கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது.

இப்படிப்பட்ட பஞ்சு பாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதினேழு வருடம் ஓட்டிய நான்தான் அன்றைக்கு அந்தக் கட்டிலருகே நின்றேன். மகன் கண்ணை மூடிக் கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. குனிந்து, "பெரியவரே" என்றேன். நர்ஸ் திரும்பி எனக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார். மறுபடி, "பெரியவரே, எந்திரிங்க" என்றேன். அசைவில்லை.

மயக்க மருந்து கொடுத்த டாக்டர், "சில பேருக்கு லேட்டாகும், பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீர்கள் என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகு பயப்படாமல் இருக்க நான் என்ன கல்லா? "பேரச் சொல்லுங்கம்மா. கேட்டுக் கண்ணத் தொறக்கானான்னு பாக்கணும்" என்றார். வாயைத் திறந்தேன். அந்தப் பெயரின் முதல் எழுத்தோடு நாக்கு நின்றுவிட்டது.

வெளியே ஓடி வந்தேன். என் கணவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "பஞ்சு பாய்க்குப் போன் போடு" என்றார். உறவினர் யாரும் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

"பாய், பெரியவர் முழிக்கல."

"யாரு முழிக்கல? பேரச் சொல்லுங்க."

"வெளயாடாதீங்க பாய்." என் குரல் உடைந்துவிட்டது.

"வெளயாடல டீச்சரம்மா. நான் ராஜபாளையத்துல லோடு ஏத்திக்கிட்டிருக்கேன். வாரதுக்கு அரமணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அங்க அந்தப் பேரச் சொல்ல ஒங்கள விட்டா ஆளில்ல. மாமனாரு கோவிச்சாருன்னா நான் பேசிக்கிடுதேன். போங்க."

இறந்து பதினேழு வருடமான மாமனாரிடம் இவர் பேசிக்கொள்வாராம். ஆனால் அந்த நிமிடம் அந்த உத்தரவாதம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

உள்ளே போனேன். முதல் தடவை உதடுதான் அசைந்தது. "எனக்கே கேக்கலம்மா" என்றார் நர்ஸ். இரண்டாவது தடவை பாதி பெயரில் அழுகை வந்துவிட்டது. மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு பிள்ளைகள் அடங்கும் குரலில், "யஹ்யா!" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. யஹ்யா, யஹ்யா, யஹ்யா. பதினேழு வருடத்துக் கூப்பாட்டையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

இடது இமை துடித்தது. பிறகு ஒரு கண் மட்டும் பாதி திறந்தது. என்னைப் பார்த்தான். மிகவும் குழம்பிப்போன குரலில் கேட்டான்: "யாரம்மா கூப்பிடுத?"

"ஒன்னத்தான் ராசா."

மருந்தின் வேகம் அந்த நேரத்தில் தானாகவே குறைந்திருக்கும், நீங்கள் கூப்பிடாவிட்டாலும் விழித்திருப்பான் என்று டாக்டர் பிறகு சொன்னார். கணக்குப் படித்தவள் நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நடந்து மூன்று வாரமாகியும், பகல் ஒன்று இருபது ஆனால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடுகிறது. அர்த்தம் தெரிந்த ஒரு சொல்லை, அந்த அர்த்தம் நடக்க வேண்டும் என்று கேட்டு அழைத்தது அன்றைக்கு மட்டும்தான். பெயர் பெயர் என்று அந்த மனிதர் ஊர் ஊராகக் கத்தித் திரிந்தது எதற்கு என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

மகனை அறைக்கு மாற்றிய பிறகு அவர் வந்து சேர்ந்தார். சரக்கைப் பாதியில் போட்டுவிட்டு வெறும் வண்டியில் வந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. மூட்டைகள் இல்லாமல் பார்த்தால், ஐயோ, எவ்வளவு சின்ன மனிதர்! இனி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விளக்கம் உண்டு என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கண்ணைத் திறந்து எழப் பார்த்தான்.

பிரசவ வார்டுகளை எல்லாம் அதிரவைத்த அந்தக் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"எந்திரிக்காதய்யா யஹ்யா. பேரப் பத்தி நாளைக்குப் பேசிக்கிடுவோம். நீ தூங்கு. நான் வெளியதான் உக்காந்திருக்கேன்."