தூங்குமூஞ்சி மேனேஜர் டாட் காம்

இணைய முகவரியை விற்பனைக்குப் போட்ட மறுநாளே ஆள் வந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. “வாங்குபவர் பெயர் சொல்ல விரும்பவில்லை” என்று இணையச் சந்தை ஒரே வரியில் முடித்துக்கொண்டது. புது மேனேஜருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பிடிக்காதா பின்னே? குமாஸ்தாவாக இருந்தபோது, பழைய மேனேஜர் குறட்டை விடும் படங்களைப் போடுவதற்கென்றே ‘தூங்குமூஞ்சி மேனேஜர்’ என்ற அந்த இணைய முகவரியை வாங்கியவர் இவர்தான். ஆபீஸே ஒளிந்து ஒளிந்து பார்த்துச் சிரித்தது. நடத்துவது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த நல்ல மனிதரோ, தலைமை அலுவலகத்துக்குப் போகும்போது தன் நாற்காலியை இவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மெத்தென்ற நாற்காலி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இவருக்கும் கண் சொக்கத்தான் செய்தது.

படங்களை அழித்தாயிற்று. முகவரியையும் அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். மனைவிதான், “சும்மா எதுக்குங்க தூக்கிப் போடணும்? வித்தா நாலு காசு வருமே” என்றாள்.

இப்போது வாங்க வந்திருப்பது பழைய மேனேஜராக இருந்தால்? விற்றவன் யார் என்று தோண்டினால் போதும், வந்த நாற்காலி போய்விடும்.

சந்தைக்காரர்களுக்குப் போன் போட்டார்.

“விக்கிறவன் நான். யாருக்கு விக்கிறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமாம்மா?”

“வாங்கறவங்க விவரத்தைச் சொல்றதில்லை சார். அவங்களும் உங்க பேரைக் கேட்டாங்க. சொல்லலை.”

“சொல்லிடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

போட்டதை இனித் திரும்ப எடுக்கவும் முடியாதாம். விலையை இரண்டு மடங்காக்கினால் ஓடிவிடுவார்கள் என்று பார்த்தார். “யோசிச்சுச் சொல்றோம்” என்று பதில் வந்தது. சொல்றோமா? தலைமை அலுவலகமே சேர்ந்து கிளம்பிவிட்டது என்று அவருக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் கணக்காளர் அம்மா காசு வசூலிக்கும் பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.

“ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து ஒண்ணு வாங்கறோம் சார். கொஞ்சம் குறையுது.”

“யாருக்கு?”

“அதை இப்ப சொல்லக்கூடாது சார்.”

ஓஹோ, பதவி உயர்வுக்குப் பரிசு. புது மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. தாராளமாகவே போட்டார்.

சாயங்காலம் சந்தையில், “நாளைக்கு முடிச்சுக்கலாம்” என்று தகவல். பதறிப்போய் விலையை ஐந்து மடங்காக்கினார். எந்த மடையனும் வாங்க மாட்டான்.

மறுநாள் காலையில் பிஸ்கட் டப்பா திரும்பவும் வந்தது. “மட்டமானதா வாங்கி மானத்தை வாங்கிடாதீங்க” என்று சொல்லி, போன தடவையைவிட அதிகமாகப் போட்டார்.

மதியம் ஐந்து மடங்குக்கே முகவரி விற்றுப்போனது.

அவ்வளவுதான், தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடிக்கவில்லை. ராத்திரியெல்லாம் முழித்த கண். நாற்காலி வேறு மெத்தென்று இருந்தது. தலை பின்னால் சாய்ந்தது.

யாரோ கிசுகிசுக்கும் சத்தத்தில் பாதிக் கண் திறந்தார். மேஜையைச் சுற்றி மொத்த ஸ்டாஃபும் நின்றது. டீ கொண்டுவரும் பெரியவர் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

“முழிச்சிடாதீங்க சார், வாயை அப்படியே திறந்து வச்சுக்குங்க. தூங்குமூஞ்சி மேனேஜர்ல நம்ம முதல் படம், நல்லா வர வேண்டாமா? அதை வாங்க நீங்களும்தானே காசு போட்டீங்க.”