வேப்பனப்பள்ளிக்குப் போகாமலிருக்கப் பாஸ்கரன் புரிந்த போர்

மூக்கண்டப்பள்ளித் தொழிற்பேட்டையின் முடிமணியே, மும்மனைக் கணினிகளின் முதுபெருங்காவலனே, நீலநிறக் கம்பிகளைத் தோளில் மாலையெனச் சூடி மேசைக்கடியில் தவழும் மாவீரனே, பாஸ்கரனே, நீ வாழ்க! நின் விசைப்பலகை வாழ்க! அடித்தடித்து எழுத்தழிந்த என்டர் பொத்தானும் வாழ்க! இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், மாங்காய் இறங்கும் பருவத்தில், சல்லிக்காசு செலவில்லாத மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நீ ஆற்றிய அருஞ்சமரைப் பாடப் புகுந்தோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாடுவோம்.

அந்த மாம்பழக்கூழ்க் கம்பெனியின் ஆட்சி மூன்று கோட்டங்களாகப் பரந்து கிடந்தது. கணக்கும் கல்லாவும் கொலுவிருக்கும் தலைநகர் மூக்கண்டப்பள்ளி. கொதிகலன்கள் குமுறக் கூழ் காய்ச்சும் ஆலைநகர் போச்சம்பள்ளி. மாங்காய் மலைமலையாய் வந்திறங்கும் எல்லைக் காவலூர் வேப்பனப்பள்ளி. மூன்றையும் பிணைத்த இன்டர்நெட் லைனோ நல்ல நாளிலேயே நாழிப்பால் கறக்காத மாட்டின் குணமுடையது. அது அறுந்துபோன சேதி, அறுந்த ஊர்க்காரர்கள் போனில் கூப்பிட்டுத் திட்டும்போதுதான் பாஸ்கரனுக்குத் தெரியும்.

இது கண்டு சினந்தார் ஜெனரல் மேனேஜர் வெங்கடசாமி. சிக்கனத்தின் சிகரமேறியவர், ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி நிமிர்த்தி மறுபடி குத்தும் மாதவத்தார், அவர் விடுத்த ஆணை இது: லைன் போன கணமே தனக்கு மெயில் அனுப்பும் காவல் மென்பொருள் வேண்டும், அது ஓபன் சோர்ஸாக, அதாவது ஓசியாக இருக்கவேண்டும்.

ஓசியுலகம் பெரிது. ஏழு பகல் அதில் இறங்கி, ஒன்றை நிறுவினால் ஒன்பதைக் கேட்கும் மென்பொருள்களோடு மல்லுக்கட்டி, கையேடென்னும் கானகத்தில் வழிதவறி, முன்பின் அறியாத அயல்நாட்டாரிடம் இணையத்தில் ஐயம் கேட்டு, 'கையேட்டைப் படி' என்ற ஒற்றை வரியை விழுப்புண்ணாய் நெஞ்சில் ஏற்று, முடிவில் பாஸ்கரன் வென்றெடுத்தது பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் காட்டும் கருவி. ஊர் உயிரோடிருந்தால் பச்சை, செத்தால் சிவப்பு. அவன் அதைக் குலதெய்வம்போல் நம்பினான்.

ஆனால் போச்சம்பள்ளியிலும் ஒரு வீரம் விளைந்திருந்தது. அவ்வாலையின் கணினிகளை ஆளும் லாவண்யா, ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாத உறுதியினள், கோடு வரைந்து காட்டும் வேறொரு கருவியை நிறுவி, அதுவே உயர்ந்ததென்று முழங்கினாள். இரண்டு கருவியையும் ஏற்று ஆள ஒரு கம்பெனியால் ஆகாது. வெங்கடசாமி இருவரையும் அழைத்துத் தீர்ப்புரைத்தார்.

"எதோட மெயிலு மொதல்ல வருதோ அத வெச்சிக்கலாம். தோத்தவங்க சீசன் முடியற வரைக்கும் வேப்பனப்பள்ளி மண்டியில போயி உக்காருங்க. அங்கயும் ஒரு ஆளு வேணும்."

மண்டி என்பது ஈக்களின் பேரரசு. ஒரே ஒரு ஃபேன், அதுவும் மாங்காயைப் பார்த்துச் சுழலும். தை மாதத்தில்தான் பாஸ்கரனுக்கும் சுகுணாவுக்கும் கல்யாணமாகியிருந்தது. அவளைத் தனியே விட்டு மண்டிக்குப் பின்னாலிருந்த அறையில் தங்குவதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்றே போர் மூண்டது. மூண்டதே தவிர நடக்கவில்லை. நாளுக்கு மூன்று தரம் மாண்டு மூன்று தரம் மீளும் அந்த லைன், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல் அடக்க ஒடுக்கமாய் இருக்கத் தொடங்கியது. பச்சை, பச்சை, எங்கும் பச்சை. லைன் போகக்கூடாதென்று சாமி கும்பிட்ட பாஸ்கரன், லைன் போகவேண்டுமென்று தேங்காய் உடைத்தான். ஒருநாள் லாவண்யாவே போன் செய்தாள்.

"பாஸ்கரன் சார், உங்க வெளக்கு செவக்கறதுக்குள்ள என் கோடு கீழ எறங்கிரும். சுகுணா அக்காகிட்ட இப்பவே சொல்லி வெச்சிருங்க."

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஊழி வந்தது. நெடுஞ்சாலையில் மேம்பாலத்துக்குக் குழிதோண்டிய மஞ்சள்வண்ண ஜேசிபி, மதங்கொண்ட களிறெனத் துதிக்கையை மண்ணில் இறக்கி, மூக்கண்டப்பள்ளிக்கு வரும் கேபிளைக் குடலோடு உருவி எறிந்தது. பாஸ்கரனின் திரையில் போச்சம்பள்ளி சிவந்தது, வேப்பனப்பள்ளி சிவந்தது, அவன் கண்ணும் ஆனந்தத்தில் சிவந்தது. போச்சம்பள்ளியில் லாவண்யாவின் கோடு மலையிலிருந்து விழும் கல்லாய்ச் சரிந்தது. இரு கருவிகளும் ஒரே நொடியில் மெயிலெனும் கணையைத் தொடுத்தன. பாஸ்கரன் எழுந்தான், சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகினான், வெற்றித்திருமகள் முன்னே நடக்கத் தான் பின்னே நடந்து மேனேஜர் அறைக்குள் புகுந்தான்.

வெங்கடசாமி கையிலிருந்த செல்போன் ஒருமுறை அடித்து அடங்கியது.

"லைன் போச்சாட்டம் இருக்குது. சின்னராஜு மூணு மிஸ்டு கால் உட்டுட்டான். உம்மெயிலு எங்கப்பா?"

சின்னராஜ் வேப்பனப்பள்ளி மண்டியின் பொறுப்பாளர். அங்கே செல்போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் காசு தின்னும் என்பதால், அவர் எதையும் மிஸ்டு காலில் மட்டுமே பேசுவார். பில் போட முடியாமல் லாரி நின்றால் மூன்று. வெங்கடசாமியின் திரையில் புதிய மெயில் ஒன்றுமில்லை. லைன் போன சேதி அதே லைனில்தான் வரவேண்டும் என்பது அந்தக் கணத்தில்தான் பாஸ்கரனுக்கு உறைத்தது. அவனுடைய மெயில் வெளியேற வழியின்றி அவன் கணினியிலேயே கிடந்தது; லாவண்யாவுடையது உள்ளே நுழைய வழியின்றி வெளியே நின்றது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மாலையில் கேபிள் ஒட்டப்பட்டது. இரு மெயில்களும் இணைபிரியா இரட்டையராய், 'லைன் போய்விட்டது' என்று பறைசாற்றியபடி, லைன் வந்த அவையுள் நுழைந்தன. மேனேஜர் இரண்டையும் படித்தார். போனில் லாவண்யாவை அழைத்து, பாஸ்கரனையும் எதிரே நிறுத்தி, திக்கெட்டும் நடுங்கத் தீர்ப்பளித்தார்.

"சின்னராஜு முந்திக்கினான். அவன்துதான் ஓசி. தோத்தது ரெண்டு பேரு."

ஆதலால், மும்மனைக் காவலனும் போச்சம்பள்ளிப் புரவலளும், விளக்குப்படையும் கோட்டுப்படையும் ஒருசேரத் துறந்து, விதியெனும் வெம்புரவி இழுத்த வழியே, திசைகாக்கும் தெய்வங்கள் பூமாரி பொழிய மறந்து பார்த்திருக்க, எல்லை நோக்கிப் படையெடுத்துப் புறப்பட்டனர். திங்கட்கிழமை காலை கிருஷ்ணகிரியில் வேப்பனப்பள்ளி பஸ்ஸில் ஏறிய பாஸ்கரனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.