கலியாணத்துக்கு முன் சம்மணம் பழகிய கதை

இலவசமாகக் கிடைக்கிற எதையும் என்னால் விட முடியாது. (விதைநெல், பசளை, தேர்தல் காலத்துக் கலண்டர் எல்லாம் இதற்குள் அடக்கம்.) உலகத்து யோகா ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு சதமும் கேட்காமல் என் கைபேசிக்குள் குந்தியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த புளுகத்தைச் சொல்லி முடியாது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறபோதுகூட நான் அப்படித் துள்ளியதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வலது முழங்கால். ஆயுள் முழுவதும் வயல் சேற்றுக்குள் நின்ற கால் அது. படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் தேய்மானம் என்றார், பயிற்சி செய்யச் சொல்லிக் குளிசையும் எழுதித் தந்தார். நான் குளிசையைப் போட்டேன். பயிற்சியை வைத்தியரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நிலத்தில் இருப்பதை அடியோடு நிறுத்திக் கதிரையே கதியென்று கிடந்தேன்.

அப்போதுதான் மகள் தர்சினிக்கு மல்லாவியில் சம்பந்தம் பொருந்தியது. நாள் வைக்க வந்த அன்று, மரியாதைக்காக நானும் பாயில் இருக்கப் பார்த்தேன். நான் படிப்படியாக இறங்கிய அழகை மாப்பிள்ளையின் தாயார் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

“அண்ணை, மணவறையில கனநேரம் சப்பாணி கட்டி இருக்கவேணும். ஏலாட்டி ஒரு கதிரை போடுவம். இல்லாட்டி உங்கட தம்பியையும் பெண்சாதியையும் இருத்தித் தாரை வார்ப்பம்.”

அவா நல்ல மனதோடுதான் சொன்னா. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி தங்கமான பெடியன், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அவளுடைய கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கிற நேரம் நான் ஓரமாகக் கதிரையில் இருந்து வேடிக்கை பார்ப்பதா? நிலத்தில்தான் இருப்பேன் என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தேன். (செய்துவிட்டு எழும்ப இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.)

வழி காட்டியவள் மகள். “முழங்காலுக்கு யோகா எண்டு அடிச்சுப் பாருங்கோ அப்பா, ஆயிரம் பேர் வருவினம்,” என்றாள். அடித்தேன். வந்தார்கள்.

முதலில் வந்தவர் பனிமலை உச்சியில் மேலங்கி இல்லாமல் இருந்த ஓர் இளைஞர். ‘ஆரம்பநிலை’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, காலை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டார். நான் கும்பிட்டுவிட்டு விலகினேன். அடுத்தவா ஒரு வெள்ளைக்காரப் பெண். அவா சொன்ன ஆங்கிலத்தை நான் தமிழாக்கி வலது காலைத் தூக்குவதற்குள் அவா இடது காலுக்குப் போயிருப்பா. அவாவுடன் ஒரு நாயும் பயிற்சி செய்தது. அது என்னைவிட நன்றாகச் செய்தது.

மூன்றாவதாகக் கிடைத்தவர் தமிழ்தான். களஞ்சிய அறையில் நெல் மூட்டைக்கு மேலே கைபேசியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னபடி குனிந்தேன். கை இரண்டும் நிலத்தில், தலை தொங்கல். “இப்படியே இருங்கள்,” என்றார். அந்த நேரம் பார்த்து நகைக்கடை விளம்பரம் வந்தது. கைபேசி எட்டாத தூரத்தில். ஆசிரியர் இருக்கச் சொன்னாரே என்று நானும் இருந்தேன். விளம்பரம் முடிந்ததும் டேட்டா முடிந்து, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அப்போதும் இருந்தேன். (சொற்கேட்பதில் நான் அப்படி.) கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தா. ஒரு கணம் பார்த்துவிட்டுத் தானும் குனிந்து நிலத்தைத் தடவினா.

“என்னத்தைத் துலைச்சனீங்கள்?”

இவ்வளவு தோல்விக்கும் நான் சோர்ந்துபோகவில்லை. இலவசமல்லவா, தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கோயம்புத்தூர் ரீச்சர் அகப்பட்டா. தினமும் காலையில் நேரலை வகுப்பு. மலேசியாவிலிருந்து ஒருவர், நோர்வேயிலிருந்து ஒரு அக்கா, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முகங்கள். ரீச்சர் எல்லாரையும் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவா. நான் கிளிநொச்சி அண்ணா. யோகாப் பாய் வாங்கச் சொன்னா. நான் நெல் காயப்போடுகிற படங்கை நாலாக மடித்து விரித்தேன். படங்கு வழுக்கும் என்பது காலை அகட்டி நின்ற பிறகுதான் விளங்கியது. நோர்வே அக்கா வாய்விட்டுச் சிரித்தா. அன்றே நாங்கள் எல்லாரும் சொந்தக்காரர் ஆகிவிட்டோம்.

ரீச்சரிடம் ஒரு மருந்து இருந்தது. “வலிக்கிற இடத்தைத் திட்டாதீங்க. அதுக்கு நன்றி சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க,” என்பா. அதுவரை நான் என் முழங்காலுக்குச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிப்போய், வரம்பில் நடக்கும்போதும் சைக்கிளில் ஏறும்போதும் நன்றி, முழங்காலே என்று முணுமுணுக்கத் தொடங்கினேன். நம்புங்கள், அது மடங்கத் தொடங்கியது. ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை சம்மணமிட்டு இருந்த அன்று, குசினியில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மல்லாவிக்கும் உடனே அழைத்து, கதிரை தேவையில்லை என்று சம்பந்தியம்மாவுக்கு அறிவித்தேன்.

கடைசிக் கிழமை பந்தல், பலகாரம், வாழைக்குலை என்று அலைந்ததில் வகுப்புக்குப் போகக் கிடைக்கவில்லை. இருந்தாலும் கலியாண நேரலை இணைப்பை வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன். என் சம்மணத்தை உலகம் பார்க்க வேண்டாமா?

உலகம் பார்த்தது. பட்டு வேட்டியோடு, ஒருவர் கையும் பிடிக்காமல் மணவறையில் இறங்கி இருந்தேன். சம்பந்தியம்மாவை ஒரு பார்வையும் பார்த்துக்கொண்டேன். ஆனால் தேத்தண்ணிக் கணக்கில் பழகியவனுக்கு ஐயரின் மந்திரக் கணக்கு தெரிந்திருக்கவில்லை. கோத்திரம் வந்தது, பூட்டன் பெயர் வந்தது, மறுபடி பூட்டன் பெயர் வந்தது. முழங்கால் மெல்லத் தன் வேலையைத் தொடங்கியது. நான் கண்ணை மூடி மூச்சை இழுத்தேன், விட்டேன். ஐயர் சொல்லச் சொல்ல நானும் திருப்பிச் சொன்னேன், ஆனால் மனம் முழுவதும் காலில் இருந்தது. தர்சினியின் கையை என் கையில் எடுத்துத் தந்தார்கள். வலி உச்சத்துக்கு ஏறியது. ஐயர் நீளமாக ஒன்றைச் சொல்லி நிறுத்தி, ஒலிவாங்கியை என் வாயருகே நீட்டி, “சொல்லுங்கோ,” என்றார்.

“நன்றி, முழங்காலே,” என்றேன்.

மண்டபத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியும் அதை ஒழுங்காகச் சொன்னது. ஐயர் என்னைப் பார்த்தார். “ஐயா, அது இதில வராது,” என்றார் பணிவாக. அதையும் ஒலிபெருக்கி சொன்னது. முன்வரிசையில் தொடங்கிய சிரிப்பு சாப்பாட்டு மண்டபம்வரை போனது. தவில்காரர் தவிலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். மனைவி தாரை வார்க்கிற செம்பைப் பிடித்தபடியே என் தொடையில் கிள்ளினா. ஒன்றும் தெரியவில்லை, கால் அவ்வளவு விறைத்துப் போயிருந்தது.

ஆகவே எழும்பச் சொன்னபோது எழும்பவும் முடியவில்லை. ஒருதரம் எத்தனித்தேன், இருந்த இடத்திலேயே சரிந்தேன். மாப்பிள்ளைதான் பாய்ந்து வந்து கமக்கட்டுக்குள் கைகொடுத்து நெல் மூட்டை தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி நிறுத்தினார். தூக்கிய வேகத்தில் அவருடைய தலைப்பாகை கழன்று என் தோளில் விழுந்தது. தாலி கட்டுவதற்கு முன்பே மாமனாரைத் தூக்கிய மாப்பிள்ளை இந்த மாவட்டத்தில் அவராகத்தான் இருப்பார்.

சாப்பாடு முடிந்து ஒரு மூலையில் ஒளிந்திருந்து கைபேசியைப் பார்த்தேன். குழுவில் ரீச்சர் குரல் அனுப்பியிருந்தா. “உட்கார்ந்தது பிரமாதம் அண்ணா, முதுகு நேரா இருந்துச்சு. எழுந்திரிக்கிறது எப்படின்னு இந்த வாரம்தான் சொல்லிக் கொடுத்தோம். நீங்கதான் வரல.”

வெட்கத்தில் என்னால் ஒரு கிழமை தலைகாட்ட முடியவில்லை. காணொளி எடுத்த பெடியன் அந்த இடத்தை வெட்டட்டுமா என்று கேட்டு வந்தபோது, வெட்டு தம்பி, முழுதாய் வெட்டு என்றேன். விருந்துக்கு வந்திருந்த தர்சினி குறுக்கே வந்து மறித்தாள்.

“அதை வெட்டவேண்டாம். மந்திரம் முழுக்கச் சமஸ்கிருதம். அண்டைக்கு அப்பா சொன்னதில எனக்கு விளங்கினது அந்த ஒண்டுதான்.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். “சண்டைக்குள்ள இடம்பெயரேக்க அந்தக் காலாலதானே என்னைத் தோளில வச்சுக்கொண்டு நடந்தனீங்கள்.”

நான் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டேன். காணொளிப் பெடியன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கமராவைத் துடைத்தான்.

அந்தக் காணொளியைப் பார்க்காத சொந்தம் இப்போது கனடாவில்கூட இல்லை. சம்பந்தியம்மா இரகசியமாக ரீச்சரின் இணைப்பை வாங்கி வகுப்பில் சேர்ந்துவிட்டா. காலையில் திரையில் மல்லாவி அக்காவும் கிளிநொச்சி அண்ணாவும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறோம். எந்த வீட்டுக் கலியாணத்துக்குப் போனாலும், ஐயர் “சொல்லுங்கோ” என்றவுடன் சபையில் பாதிப் பேர் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள்.