அளவு சாரும் கெலமங்கலத்துக்காரர் பெயரும்

ஓசூரிலேயே தண்ணீர் குடிப்பதற்கு முன் டம்ளரை அளந்து பார்த்த ஒரே மனிதர் எங்கள் அளவு சார்தான். தொழிற்பேட்டையில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்களுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதும் பிரிவில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. கேன்டீனில் சாம்பார் ஊற்ற வந்தால், "கிண்ணம் எவ்ளோ புடிக்கும்னு பாத்தியாப்பா?" என்று கரண்டியைப் பிடித்து நிறுத்துவார். பின்னால் வரிசையே பசியில் முறைக்கும்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் சி மொழி. அதில் ஒரு பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காப்பி செய்ய ஒரு பழைய ஃபங்ஷன், அதாவது ஆயத்தக் கட்டளை, உண்டு. போய்ச் சேரும் இடம் போதுமா என்று அது கேட்காது. கொட்டிக்கொண்டே போகும். "மொழி தங்கம்பா. வீட்டக் கட்டிட்டுத் தாழ்ப்பா வெக்க மறந்துட்டாங்க" என்பார். ஆகவே இப்படிப்பட்ட ஃபங்ஷன்களின் தொகுப்பாக மொழியோடு வரும் லைப்ரரியையே திருத்தி, எல்லா ஃபங்ஷனும் முதலில் அளவு கேட்கும்படி சொந்தமாக எழுதி வைத்திருந்தார். மேனேஜர் சீந்தவில்லை. "ஓடுற புரோகிராம்ல கை வெக்காதீங்க சார்" என்பதோடு சரி.

அப்போதுதான் முனிவெங்கடரமணப்பா வேலைக்குச் சேர்ந்தார். அதே பெயரில் ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால், அடையாளத்துக்குக் கெலமங்கலம் என்ற ஊர்ப்பெயரையும் முன்னால் சேர்த்துக் கார்டு அடித்தார்கள். கார்டைத் தேய்த்தால் மெஷின் திரையில் பெயர் வரும். இவர் தேய்த்தால் மெஷினே நின்றது.

ராசியில்லாத கை என்று முடிவு கட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சலீம் பாய் தர்கா கயிறு கட்டினார். சூப்பர்வைசர் அந்தோணி சர்ச் தீர்த்தம் தெளித்தார். மெஷின் யாருக்கும் மசியவில்லை.

"திங்கக்கிழமைலேர்ந்து அந்தாளு வர வேணாம்" என்றார் மேனேஜர். முனிவெங்கடரமணப்பாவுக்கு முகம் செத்துப்போனது.

"பொண்ண இப்பத்தான் சார் காலேஜில சேத்தேன். நான் ஒண்ணுமே பண்ணலீங்க!"

அளவு சார் அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தார். துள்ளிக் குதித்தார். "கை ராசி இல்லப்பா, பேரு நீளம்! வழிஞ்சு, பக்கத்துல இருக்கற பிரஷர் கணக்குல கொட்டுது! கணக்கு கெட்டுத்தான் மெஷின் நிக்குது!" மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் பழைய ஃபங்ஷனைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதைப் போட்டார்.

முனிவெங்கடரமணப்பா கண்ணை மூடிக்கொண்டு கார்டைத் தேய்த்தார். திரையில் 'கெலமங்கலம் முனிவெங்' வரை வந்து, இடம் முடிந்ததும் பெயர் நின்றது. மெஷின் நிற்கவில்லை. தடாலென்று இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஷெட்டே விசிலடித்தது. "ஆயித்து சார், ஆயித்து!" என்று, 'ஆச்சு' என்று சொல்லக்கூடச் சந்தோஷத்தில் கன்னடத்துக்குத் தாவிவிட்டார் மனிதர். மேனேஜர் அசடு வழிந்தபடி, "எல்லா மெஷின்லயும் உங்க லைப்ரரியவே போட்டுருங்க சார்" என்றார்.

மறுநாள் முனிவெங் (அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் பெயர்) கூடை நிறையத் தக்காளியோடு வந்தார். "எங்க தோட்டத்துது சார்" என்று சாருடைய சின்னச் சாப்பாட்டுப் பையில் அப்படியே கவிழ்த்தார். பை நிறைந்தும் நிறுத்தவில்லை. தக்காளி மேஜையில் உருண்டு, கீபோர்டில் ஏறி, தரையெல்லாம் ஓடியது.

போச்சு, இன்றைக்கு ஒரு பிரசங்கம் உண்டு என்று சாரைப் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கொட்டட்டும் விடுப்பா" என்றார்.

அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.